நான் பார்க்கவில்லை

மட்டக்குளியில், மாதக் கடைசிச் சனி,
தகரக் கூரை மண்டபத்தில் மல்யுத்தம்.
நான் நடுவர். கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை.
வேண்டிய நேரத்தில் திரும்பி நிற்பது என் வேலை.
சப்பாத்து லேஸ் அவிழ்ந்துவிட்டதென்று குனிவேன்,
அந்த மூன்று விநாடிக்குள்
மரியசீலன் இரும்புக் கதிரையைத் தூக்கியிருப்பான்.
பின்னால பார், பின்னால பார் என்று
முந்நூறு பேர் இரண்டு மொழியில் என்னை ஏசுவார்கள்.
நான் பார்க்கவில்லை.

ரிங்கில் அவன் பெயர் சீசர்.
ரோமாபுரியை ஆண்டவன் என்று நினைக்கவேண்டாம்.
லீசிங் தவணை மூன்று தவறினால்
விடியுமுன் கேற்றடிக்கு வந்து
ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போவானே, அந்தச் சீசர்.
கழுத்துப்பட்டி, கக்கத்தில் ஃபைல்,
இடுப்பில் அடுத்தவர்களின் சாவிக்கொத்து.
அதை ஒருதரம் குலுக்கினால் போதும்,
மண்டபம் எழுந்து நின்று ஹூ வைக்கும்.

முதல் வருடம் பூதமாகத்தான் வந்தான்.
கொம்பு, சிவப்புச் சாயம், ஆட்டுத்தோல் வாடை.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஒருநாள் எல்லாம் கழுவிவிட்டு
வெறும் ஃபைலோடு கயிறு தாண்டினான்.
சிரிப்பு நின்றது.
"மனுசனைப் பயப்படுத்தக் கொம்பு எதுக்கு மச்சான்,
கடிதத் தலைப்பு போதும்."

எதிரி நிஸ்தார். கிராண்ட்பாஸில் கோழிக்கடை,
ரிங்கில் காக்கிச் சட்டையோடு மீற்றர் மன்னன்.
பேசிவைத்தது இதுதான்:
ஒன்பதாம் நிமிடம் சீசர் மைக்கை எடுத்து
ஒரு வண்டி இலக்கம் வாசிப்பான், வாயில் வந்தது.
மன்னன் உருண்டெழுந்து காகிதத்தைக் கிழிப்பான்,
நான் மூன்று எண்ணுவேன்,
எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.

போன சனி அவன் வாசித்த இலக்கம்
எனக்குத் தெரிந்தது.
பின்கண்ணாடியில் அந்தோனியார்,
அவர் காலடியில் மகளின் பெயர்.
பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு
அவனும் நானும் மாறிமாறி அதற்குள் தூங்கினோம்.
வரிசை முடிந்தது. தவணை முடியவில்லை.

குரல் உடையவில்லை அவனுக்கு.
உடைந்திருந்தால் ஆட்டம் கெட்டிருக்கும்.
எழுத்தெழுத்தாக, எண் எண்ணாக வாசித்தான்.
ஹூ கிளம்பியது பாருங்கள்,
கூரையிலிருந்து துரு கொட்டியது.
அவன் வண்டிக்காக அத்தனை பேர்
அவனையே திட்டினார்கள்.
சித்திரை மழையில் நிற்பவன்போல
கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.
கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான்.
காதருகே கை குவித்து
இன்னும், என்று கேட்டான்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு செருப்பு.
நெற்றியில் பட்டது.
இரத்தம் பேசிவைத்ததில் இல்லை.
மன்னன் அவன்மேல் விழுந்தபோது நானும் விழுந்து
காதுக்குள் கேட்டேன்: நிப்பாட்டவா?
உதடு அசையாமல் சொன்னான்,
"மெதுவா எண்ணு. நல்லா இருக்கு."

ஒன்று.

இரண்டு.

வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாக
எதையும் எண்ணியதில்லை.

கதவடியில் ஒற்றைக் காலில் செருப்போடு
ஒரு பெண் நின்றாள்.
அவன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தான்,
கழுத்துப்பட்டி இன்னும் அவிழ்க்காமல்.
மற்றச் செருப்பை நீட்டி, அவள் கை வைக்குமுன் இழுத்து
"தவணை?" என்றான், சீசரின் குரலில்.
அவள் சிரிக்கவில்லை.
பிடுங்கினாள், தரையில் போட்டாள், மாட்டினாள்.

"அடுத்த மாசமும் வருவீங்களா?"
"வருவேன்."
பையைத் துழாவி
பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில்
எதையோ எழுதி அவன் ஃபைலுக்குள் செருகினாள்.
"அப்ப இந்த நம்பரையும் வாசிங்க.
சத்தமா."

அப்போது அவன் முகம் எப்படி இருந்ததென்று
என்னைக் கேட்காதீர்கள்.
என் லேஸ் அவிழ்ந்திருந்தது.